மணலாற்றின் கரையில் ஏறிக்கொண்டே போகும் வெள்ளக்கோடு

பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன் என்று பஸ் ஏறும்போதே தீர்மானித்துவிட்டேன். இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு அதுதான் உதவும்.

இது 1974, சங்கராந்தி விடுமுறை. என் நைனா அணை சர்வேயில் ஓவர்சியர். சுவர்ணமுகி ஆற்றின் மேல்பகுதியில் ஓர் அணை கட்டினால் கீழே உள்ள ஊர்கள் வெள்ளத்திலிருந்து எவ்வளவு தப்பும் என்று அவர் அளந்து சொல்ல வேண்டும். போன வெள்ளம் உயரமாக வந்திருந்தால்தான் அணை வரும். என்னையும் கூட்டிப்போகச் சொல்லி ஒரு வாரம் கெஞ்சினேன்.

சித்தூரில் காலை ஆறு மணி பஸ். திருப்பதிக்கு இரண்டு மணி நேரம். அங்கே இட்லி சாப்பிட்டுக் காளஹஸ்தி பஸ் பிடித்தோம். ஏர்பேட்டைத் தாண்டியதும் ஆறு தெரிந்தது; முழுக்க மணல்.

கண்டக்டர் நைனாவின் அளவுகோலைப் பார்த்தார். "டேமு கட்டி இன்னா சார் தேக்கப் போறீங்கோ, மணலையா?"

"வெள்ளம் வந்தா உன் பஸ்ஸையே இட்டுக்கினு போவும்பா. அப்ப டிக்கெட் கேளு ஆத்துக்கிட்ட" என்றார் நைனா.

காளஹஸ்திக்கு முன்பே இறங்கி இரண்டு மைல் நடந்தோம். ஆற்றங்கரையில் ஒரே தெரு. எல்லா வீட்டுச் சுவரிலும் காவிக்கோடு, நைனாவின் தலைக்கும் மேலே, ஒரே மட்டத்தில். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனாலும் தெருவில் நடக்கும்போது ஆற்றின் அடியில் நடப்பது போலிருந்தது. என்னை அறியாமல் மூச்சை அடக்கியிருந்தேன்.

"தண்ணி எதுவரைக்கும் வந்திச்சு?" என்று நைனா கேட்க, வீட்டுக்கு வீடு அந்தக் கோட்டையே காட்டினார்கள். நைனா அளந்து எழுதிக்கொண்டே போனார்.

கடைசி வீடு, தெருவில் எல்லோரும் சுகுணாக்கா என்று கூப்பிடும் பெண்ணுடையது. போகிக்காக அன்றுதான் சுண்ணாம்பு அடிக்கச் சுவரைத் தேய்த்திருந்தார்கள். காவிக்கோட்டின் கீழே இன்னொரு கோடு மங்கலாகத் தெரிந்தது. அதன் கீழே இன்னொன்று. மேல்கோட்டோடு சேர்த்து ஏணிப்படி போல ஐந்து. கடைசிக் கோடு என் மார்பளவுதான்.

"நைனா, இங்க பாரு."

"படிச்ச பொண்ணுக்குச் சுண்ணாம்புக்குக் கீழகூடக் கண்ணு தெரியுது" என்றார் சுகுணாக்கா. "வருசா வருசம் சுண்ணாம்பு அடிச்சிட்டுக் கோடு போடுவோம் சார். பழைய கோட்டு மேலயே போட்டா, அது தன் எடம்னு ஆறு திரும்பி வந்து குந்திக்கும். அதான் ஒரு சாண் ஏத்திப் போடறது. எல்லா வூட்லயும் அப்டித்தான்."

தண்ணீரே இல்லாமல் நான்கு வருடமாக வெள்ளம் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. நைனா பேனாவை மூடினார்.

"அப்ப கீழ்க்கோடுதாம்மா கணக்கு."

"அப்ப டேமு வராதா?" என்று கேட்டார் சுகுணாக்கா.

"மார்பளவு தண்ணிக்கு டேமான்னு ஆபீசுல கேப்பாங்கம்மா."

சுகுணாக்கா சுவரருகே போய், கடைசிக் கோட்டுக்கும் கீழே உள்ளங்கையைத் தட்டையாக நீட்டினார், ஒரு தலையின் மேல் வைப்பது போல. "எம்பொண்ணு இவ்ளோ உசரந்தான் சார் இருந்தா."

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. நைனா டேப்பை விரித்து, தரையிலிருந்து அந்த உள்ளங்கை வரை அளந்தார். கோட்டின் உயரத்துக்குப் பக்கத்திலேயே அதையும் எழுதினார். திரும்பிப் போய், மற்ற எல்லா வீட்டிலும் சுவரைச் சுரண்டிக் கீழ்க்கோட்டை அளந்தோம்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் குடிதண்ணீர் கொண்டுவாருங்கள். வழியில் கடை இல்லை. ரோட்டிலிருந்து கடைசி பஸ் ஆறு மணிக்கு. நாங்கள் தவறவிட்டோம். அளக்க வருகிறவர்கள் சுண்ணாம்பைச் சுரண்டிப் பாருங்கள். அணை வருமா என்று நைனாவுக்கே தெரியவில்லை.

சுகுணாக்கா எங்களுக்குச் சோறு போட்டார். பிறகு முக்காலி மேல் ஏறி, சாயங்காலம் அடித்து முடித்த புதுச் சுண்ணாம்பில், பழைய மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இந்த வருடக் கோட்டைப் போட்டார். அதன் கீழேதான் பாயில் உட்கார்ந்து எழுதுகிறேன். காவி இன்னும் ஈரமாக இருக்கிறது.

"துன்னாச்சு இல்ல, படும்மா" என்று சொல்லி விளக்கை அணைக்க வருகிறார்.