யார் வந்தாலும் எடுக்கலாம்

கண்டனூரில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் திறக்கிற பெரிய வீடு ஒன்றின் பின்கட்டில் மூன்று அறைகளை வாடகைக்கு எடுத்து, ஆன்லைனில் சேலைக் கடை நடத்தினோம். நாங்கள் என்றால் நானும் என் சிநேகிதியும். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவள் கூப்பிட்டாள் என்று, பதினோரு வருஷம் பார்த்த டீச்சர் வேலையை விட்டுவிட்டுப் போனேன்.

"கடை நம்ம ரெண்டு பேருதுடி" என்றாள். காகிதத்தில் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. அவளிடம் போய் எழுதிக் கேட்பதா என்று எனக்குக் கூச்சம். என் வீட்டுக்காரர் கேட்டபோது, "அவளைப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன். பின்னால் நடந்ததற்கு அவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

போட்டோ, போன், வாடிக்கையாளர் எல்லாம் அவள் பாடு. சரக்கு என் பாடு. கண்டாங்கிச் சேலைகள், துண்டுகள், ஓலையில் பின்னின கொட்டான் கூடைகள் என்று வந்தது வந்த இடத்தில் கிடக்கும். ஆனால் எது எங்கே என்பது எனக்கு அத்துப்படி. "பச்சைக் கட்டம் போட்ட அரக்கு எங்கடி?" என்று அவள் வாசலிலிருந்து கத்துவாள். "மூணாவது ரூம், ஜன்னலுக்குக் கீழ, ரெண்டாவது மூட்டை" என்று நான் திரும்பிப் பார்க்காமலே சொல்வேன். "நீ ஒருநாள் காய்ச்சல்ல படுத்தா கடையை மூடிட வேண்டியதுதான்" என்பாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டவள் நான்.

அறைகளில் பிடிக்காமல் சரக்கு நடுமுற்றத்தைச் சுற்றியிருக்கிற வளவுக்குள்ளும் பரவியிருந்த சமயம், வீட்டின் சொந்தக்காரர்களுக்கு ஒரு கல்யாணம் வந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வந்து, "ஆச்சிமாரெல்லாம் வாராக. நாளைக்குள்ள வளவைக் காலி பண்ணிருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அள்ளி அள்ளி உள்ளே திணித்தோம். கல்யாணம் முடிவதற்குள் எனக்கே எது எங்கே என்று தெரியாமல் போய்விட்டது. சேலை கேட்ட ஒரு அம்மாளுக்குக் கொட்டான் போய்ச் சேர்ந்தது. "இந்த எடம் பத்தாதுடி, மானகிரிப் பக்கம் பெரிய ஷெட்டாப் பாப்போம்" என்று அவள் அழ ஆரம்பித்தாள்.

இடம் பத்தாமல் இல்லை என்று எனக்குப் பட்டது. அந்த அறைகளின் உயரம் இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே. நாங்கள் இடுப்பு வரைதான் சரக்கு வைத்திருந்தோம், மீதியெல்லாம் ஒட்டடைக்கு விட்டிருந்தோம். கொட்டான்களைத் தனித்தனியாக வைத்திருந்ததில், காற்றுக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தோம்.

நாலு மாதம் நாயாக உழைத்தேன். சுண்ணாம்பு பூசின அந்தப் பழைய சுவரில் ஓர் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர்களின் உத்தரவு. அதனால் தானாகவே நிற்கிற மாதிரி, மேல்தட்டு விட்டத்தைத் தொடுகிற உயரத்துக்கு, ஆசாரியை வைத்து அலமாரிகள் செய்தேன். சின்னக் கொட்டானைப் பெரிய கொட்டானுக்குள் போட்டு அடுக்கினேன். தினமும் போகிற அரக்கும் மாம்பழ மஞ்சளும் பார்சல் கட்டுகிற மேஜைக்குப் பக்கத்தில், குனியாமல் நிமிராமல் கைக்கு எட்டுகிற தட்டில். எப்போதாவது போவது உச்சியில். அலமாரிகளுக்கு நடுவே எவ்வளவு வழி விடுவது என்று அவளையே நிற்க வைத்து அளந்தேன். "நீ நுழைஞ்சுட்டா ஊரே நுழைஞ்சுரும்" என்றேன். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்து உட்கார்ந்துவிட்டோம். மூன்று அறைச் சரக்கு இரண்டில் அடங்கி, மூன்றாவது அறை காலியாக நின்றது. அந்த வெறும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தபோது எனக்கு அப்படியொரு பெருமை.

அப்போதுதான் அவள் சொன்னாள். "எல்லாம் ஒன் தலைக்குள்ளயே இருந்தா எப்புடிடி? நம்பர் போடு. யார் வந்தாலும் எடுக்கற மாதிரி இருக்கணும்."

நியாயமாகத்தான் பட்டது. அறை, அலமாரி, தட்டு, பெட்டி என்று நாலு நம்பர். ஒவ்வொரு பெட்டியிலும் கரும்பலகையில் எழுதுகிற அழகோடு எழுதி ஒட்டினேன். நோட்டு ஒன்று போட்டு, எந்தச் சேலை எந்த நம்பரில் என்று வரிசையாக எழுதினேன்.

ஒரு நாள் அவளுடைய கொழுந்தனார் வந்திருந்தார். வெளிநாட்டு வேலை போய் ஊருக்குத் திரும்பியிருந்தவர். "தம்பிக்கு இங்க ஒண்ணுமே தெரியாது. அவருகிட்டக் குடுத்துப் பாப்போமா?" என்றாள் சிநேகிதி. நான்தான் குதித்துக்கொண்டு நோட்டை அவர் கையில் கொடுத்தேன். "நீலத்துல மஞ்சக் கரை, எடுங்க பாப்போம்." அவர் விரலால் தேடினார், உள்ளே போனார், நான் பத்து எண்ணுவதற்குள் சேலையோடு வந்தார். "ரொம்ப ஈசியா இருக்கே டீச்சர், நல்லா வச்சிருக்கீக" என்றார். நான் கை தட்டினேன். என் வகுப்புப் பிள்ளை ஒன்று முழு மார்க் வாங்கிவிட்ட மாதிரி தட்டினேன். அன்றைக்கு அவர் விளையாடவில்லை, வேலைக்குச் சேர்ந்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் டீ போட்டுக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "தம்பி சும்மாவே இருக்காரு. கடையை அவரு பாத்துக்கட்டும்னு எங்க வீட்டுல அவுக சொல்றாக. ஒனக்கும் ஏணியில ஏறுனா முட்டி வலிக்குதுன்னியே."

முட்டி வலியை ஒரே ஒரு தடவை சொல்லியிருப்பேன். அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்திருக்கிறாள்.

"கடை நம்ம ரெண்டு பேருதுன்னு சொன்னியேடி?"

"சொன்னேன். அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது, நீ வேண்டியிருந்துச்சு" என்றாள். முகத்தில் கள்ளம் கபடம் இல்லை. நிஜத்தைச் சொல்கிறோம் என்கிற நினைப்பில்தான் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பேன். டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். முதுகில் குத்திவிட்டாள் என்று வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஒரு மாதம் கழித்து, மத்தியானம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன். நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.

"வாங்குனவுக வேண்டாம்னு திருப்பி அனுப்பிச்ச சேலையெல்லாம் எங்கடி வச்சே? நோட்டுல இல்ல. தம்பி காலையில இருந்து தேடுறாரு."

"ரெண்டாவது ரூம், கதவுக்குப் பின்னாடி, வெள்ளத் துணி மூட்டை." கேள்வி முடிவதற்குள் என் வாய் சொல்லிவிட்டது.

"தம்பி, அங்குட்டு, கதவுக்குப் பின்னாடி பாருங்க" என்று அவள் கத்துவது கேட்டது. "இருக்குடி, இருக்கு" என்றாள். வைத்துவிட்டாள்.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வஞ்சம்கூட எனக்கு வரவில்லை. அந்த மூட்டைக்கும் ஒரு நம்பர் போட்டு வைத்திருந்தால் அவள் என்னை இந்த ஒரு தடவைகூடக் கூப்பிட்டிருக்க மாட்டாள் என்று தோன்றியது. வெங்காயத்தைத் தள்ளி வைத்துவிட்டு அழுதேன்.