அரை மில்லி ஓட்டையும் டெராஹெர்ட்ஸ் அலையும்

“…ஒண்ணு உங்க புரோகிராம் தப்பு, இல்லன்னா பிசிக்ஸே தப்பு. ரெண்டாவது நடக்காது சார்,” என்றார் பிலோமினா மேடம்.

கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பிஎச்.டி. செய்துவந்தவர் அவர். நான் நெய்வேலியில் கருவிப் பிரிவு டெக்னீஷியன். புரோகிராம் எழுதுவதைப் புத்தகம் பார்த்து நானே கற்று, அவர் ஆய்வுக்கு எழுதிக் கொடுத்தவன். டெராஹெர்ட்ஸ் என்பது ரேடியோ அலைக்கும் ஒளிக்கும் இடைப்பட்ட அலை. நுண்ணிய ஓட்டைகள் அடுக்கிய உலோகத் தகட்டை அது எப்படிக் கடக்கும் என்று கணக்கிடும் மாடல் எங்களுடையது. குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் அலை தாராளமாகக் கடக்கும். வரைபடத்தில் அங்கே மேடு எழும். நாங்கள் செய்வித்த நிஜத் தகட்டை வெளியூர் ஆய்வுக்கூடம் அளந்து அனுப்பிய மேடோ, எங்கள் மேட்டுக்கு வலப்புறம் தள்ளி நின்றது.

திங்கட்கிழமைக்குள் இரண்டும் பொருந்தாவிட்டால் ஆய்வேட்டிலிருந்து அந்த அத்தியாயத்தையே நீக்கச் சொல்லிவிட்டார் மேடத்தின் கைடு. மூன்று வருட உழைப்பு.

புரோகிராமை வரிவரியாகப் பார்த்தேன். தப்பில்லை. சனிக்கிழமை, தகடு செய்த ஆரோக்கியசாமி அண்ணனிடம் போனேன். கம்மாபுரத்துக்காரர், சல்லடைத் தகடு துளைத்தே கை பழுத்தவர்.

“சீட்டுல எழுதின அளவுதானே போட்டீங்க அண்ணே?”

“ஓட்டை அரை மில்லி, நடுவுக்கு நடு ஒரு மில்லி. லென்ஸ் வச்சிக்கினு போட்டேன்யா. சந்தேகமா?” மிச்சத் துண்டை எடுத்து மேசையில் போட்டார்.

இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே அடுத்த வரிசை ஓட்டை விழுந்திருந்தது.

“ஏண்ணே இப்படி?”

“ஓட்டைத் தகடுன்னா சிக்ஸாக்தான். நேருக்கு நேரா போட்டா கோடு புடிச்சாப்ல கிழிஞ்சிடும். வேலைக்கு வந்த நாள்லேர்ந்து இப்படித்தான் போட்டுக்கினு இருக்கேன். சீட்டுல நேர்வரிசைன்னு எழுதினீங்களா?”

எழுதவில்லை. தகடு பட்டறையிலிருந்தே ஆய்வுக்கூடத்துக்குப் பார்சலில் போய்விட்டது. நாங்கள் கண்ணால் பார்க்கவேயில்லை. நேர்வரிசை என்று நாங்களாக எண்ணிக்கொண்டோம்.

“ஏட்டுச் சுரைக்காய வச்சிக்கினு எங்க வூட்டுக் கொழம்புக்கு உப்பு பாத்தீங்களா!” சிரித்தார்.

சிக்ஸாக் என்றால் வரிசைகள் நெருங்கும். மேடு வலப்புறம் நகரும். மாடலை மாற்றி ஓட்டினேன். ஞாயிறு மதியம் கணக்கு முடிந்தபோது எங்கள் கோடு ஆய்வுக்கூடத்தின் கோட்டின் மேலேயே படுத்துக்கொண்டது. நான் மேசையைத் தட்டிய தட்டில் டீ டம்ளர் உருண்டது.

மாடல் போடும் தம்பி தங்கைகளே, பொருளைச் செய்த கையை முதலில் கேளுங்கள்.

திங்கள் காலை, கைடிடம் போகும் முன் மேடம் பட்டறைக்கு வந்தார். சிக்ஸாக் தகட்டைப் புதிதாக வரைந்திருந்தார். ‘வடிவமைப்பு’ என்ற கட்டத்தில் ஆரோக்கியசாமி என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி அண்ணனிடம் பேனாவை நீட்டினார்.