மணல் சட்டியில் சுவீடன் ரொட்டி

தூத்துக்குடியில் பட்டைச் சுருள் ரொட்டியை வீட்டில் சுட்ட முதல் ஆள் நான்தான். மறுப்பவர் யாராவது இருந்தால் வரட்டும். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். சுவீடன் கப்பலில் பாத்திரம் கழுவப் போய், அங்கே சமையல்காரனின் கை மாவில் எப்படிப் போகிறது என்று பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்தவன். யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

ஆனால் அதை வீட்டில் சுட வேண்டி வந்த காரணம் நல்ல காரணம் இல்லை.

புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம். நான் கடல் வேலையை விட்டு, கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலில் இறங்கியிருந்தேன். என் மனைவி உண்டாகியிருந்தாள். முந்தின வருடம் ஒன்று மூன்றாம் மாதத்தில் கலைந்து போனதால், இந்தத் தடவை யாரும் சந்தோஷத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை. வந்த மசக்கையும் சாதாரண மசக்கையாக இல்லை. கஞ்சி, இளநீர், வெறும் தண்ணீர், எதுவும் தங்கவில்லை. எங்கள் தெருவில் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கருவாட்டு வாடைதான். அது பட்டாலே குமட்டிக்கொண்டு ஓடுவாள். கையில் இறுகிக் கிடந்த வளையல் முழங்கை வரை ஏறிப்போனது. ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றி அனுப்பினார்கள். "வாய் வழியா ஏதாவது உள்ள போயே ஆகணும். இப்படியே விட்டா ரெண்டு உயிரும் தாங்காது" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

மகளைப் பார்த்துக்கொள்ள என் மாமியார் வந்து தங்கியிருந்தார். அவர் ஜெபமாலை உருட்ட, நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். அப்படி நடக்கும்போதுதான் என் முதல் பயணம் ஞாபகத்துக்கு வந்தது. கப்பல் ஆடிய ஆட்டத்தில் நானும் இப்படித்தான் கிடந்தேன். பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை. அந்தச் சமையல்காரன் ஒரு சுருள் ரொட்டியைக் கொண்டுவந்து என் வாயில் பிய்த்துப் பிய்த்துத் திணித்தான். ஏலக்காய் வாசமும் பட்டை வாசமுமாக இருந்தது. அது தங்கியது. மறுநாள் எழுந்து பாத்திரம் கழுவினேன்.

"நான் ஒரு ரொட்டி சுடப்போறேன் மாமி. அது வயித்துல நிக்கும்" என்றேன்.

"கஞ்சியே நிக்கல, ரொட்டி நிக்குமாக்கும். கப்பல்ல நீங்க சட்டி கழுவுனதாத்தான் என் மவ சொன்னா."

"கழுவுனவன்தான் பெறவு மாவும் பிசைஞ்சேன்."

மாவு பொங்க வேண்டும். எங்கள் வீடுகளில் அப்பத்துக்குக் கள் ஊற்றுவதுதான் வழக்கம். அப்போது கள்ளுக்கடைகளை மூடிவிட்டார்கள். நான் என்ன செய்தேன், தெருவில் வந்த பதனியை வாங்கி வெயிலில் வைத்தேன். சாயங்காலத்துக்குள் தானாகப் புளித்துக் கள்ளாகிவிடும் என்று நினைப்பு. அதை ஊற்றிப் பிசைந்தால் மாவு கல்லு மாதிரிக் கிடந்தது.

மாமி விரலால் குத்திப் பார்த்தார். "கலயத்துல சுண்ணாம்பு தடவி இறக்குன பதனி என்னைக்கு மாப்ள புளிச்சிருக்கு? புளிக்கக் கூடாதுன்னுதான சுண்ணாம்பே தடவுதான்."

உள் அறையிலிருந்து என் மனைவி சிரித்தாள். சிரித்த வேகத்தில் குமட்டல் வந்து, எங்கள் இரண்டு பேர் முகமும் செத்துப்போனது.

மறுநாள் மாமியே ரொட்டிக்கடைக்குப் போய், பொங்கின மாவில் ஓர் உருண்டை வாங்கிவந்தார். "உங்க மருமவன் எனக்கு எதிர்க்கடை போடுதாரான்னு அண்ணாச்சி கேக்காரு" என்று கிண்ணத்தை வைத்தார். யாரிடமும் கையேந்தாத அந்த அம்மா மகளுக்காகக் கையேந்தினார்.

மைதா, பால், வெண்ணெய், சீனி, ஒன்றும் பாதியுமாக இடித்த ஏலக்காய். அந்த உருண்டையைச் சேர்த்துப் பிசைந்து மூடிவைத்தேன். மாவு பஞ்சு மாதிரி எழும்பியது. மாமி சாயங்கால ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போனார். நான் மாவை விரித்து, வெண்ணெய் தடவி, சீனி தூவி, கொழும்புத் தோணிக்காரர் ஒருவர் தந்திருந்த காகிதம் போன்ற பட்டையைப் பொடித்துப் போட்டேன். பாய் மாதிரிச் சுருட்டித் துண்டு போட்டேன். மேலே சுவீடன்காரர்கள் முத்து முத்தாக ஒரு சீனி தூவுவார்கள். நான் கற்கண்டை நொறுக்கிப் போட்டேன். பெரிய சட்டியில் கடற்கரை மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, மூடி, மூடிக்கு மேலேயும் சிரட்டைக் கங்கு போட்டேன். கிறிஸ்துமஸ் கேக்குக்கு எங்கள் ஆட்கள் செய்கிற முறைதான்.

வாசம் தெருவுக்குப் போயிருக்க வேண்டும். மாமி முக்காட்டை எடுக்காமலேயே அடுப்படிக்குள் வந்தார்.

"இது பட்டைல்லா."

"ஆமா மாமி. அதுதான் அந்த ரொட்டி."

"வயித்துப் பிள்ளக்காரிக்குப் பட்டை குடுக்கலாமா? கலைக்கதுக்குல்லா அதக் காச்சிக் குடுப்பாவ."

எனக்குத் தெரியாது. ஆம்பளையிடம் இதையெல்லாம் யார் சொல்வார்கள்? "கொஞ்சந்தான் போட்டிருக்கு" என்றேன்.

"போன தடவையும் கொஞ்சந்தான். ஒரே ஒரு கீத்து பப்பாளி."

அந்தப் பப்பாளியை வாங்கி வந்தவன் நான். அதனால்தான் கலைந்ததா என்று டாக்டரம்மாவே சொல்லவில்லை. ஆனாலும் கப்பல் அதிகாரிகளோடு கை நீட்டிப் பேரம் பேசுகிறவன், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கொடுக்காவிட்டால் பட்டினி. கொடுத்தால் இது.

என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏளா, நீ உள்ள போ" என்றார் மாமி.

"ம்மா, எனக்குப் பசிக்கி."

பசி என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. மாமி வழியை மறித்தபடியே நின்றார். அவள் அம்மாவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஒன்றை எடுத்தாள். தரையில் உட்கார்ந்து, சுருளை ஓரத்திலிருந்து பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றாள். மாமி அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கியது. பிறகு தண்ணீர் கேட்டாள். அதுவும் தங்கியது.

அதோடு கவலை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். அவள் தேறி, கஞ்சிக்கும் சோற்றுக்கும் மாறுகிற வரைக்கும் அதைத்தான் கேட்டாள், நானும் சுட்டேன். சுடுகிற நேரமெல்லாம் மாமி கோயிலில் இருப்பார். அதன் பிறகும் அவள் இடுப்பில் கை வைத்தால் போதும், மாமி என்னைத்தான் பார்ப்பார். நான் வேலைக்குப் போன இடத்தில் வீட்டிலிருந்து ஆள் வந்தாலே சரக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன்.

பெண் பிள்ளை பிறந்து, வீறிட்டு அழுதது. மாமி வெளியே வந்து, "நல்லா இருக்கா ரெண்டு பேரும்" என்றார். உள்ளே திரும்பும்போது, "மிச்சப் பட்டை இருந்தா வீட்டுல வைக்காதீய" என்றும் சொன்னார்.

என் ரொட்டிதான் அந்தப் பிள்ளையைக் கரை சேர்த்தது என்று ஊரில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். மாமி சாகும்வரை அவர் முன்னால் மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.