வலிக்காத கால்

கடற்கரைச் சாலையில் காலையில் நடக்க வருபவர்களில், முன்பு சங்கு குளித்தவர் ஒருவர் இருந்தார். உப்பு அரித்த சிவந்த கண்கள். இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. நடக்கும் முன் உள்ளங்காலைச் சின்னக் கண்ணாடியில் பார்ப்பார். ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவுவார். துறைமுகத்தில் முப்பது ஆண்டு பாதுகாப்புச் சுற்றறிக்கைகள் எழுதிய எனக்கே அது அதிகப்படியாகத் தோன்றியது.

ஒருநாள் அலையில் கால் நனைத்துவிட்டு, அப்படியே ஷூவை மாட்டிக்கொண்டு அவரைக் கடந்து வேகமாக நடந்தேன்.

"அண்ணாச்சி, நில்லுங்க. ஒங்களுக்குச் சுகர் உண்டா?"

"பதினஞ்சு வருசமா. எல்லாம் கண்ட்ரோல்ல இருக்கு."

"அப்ப ஷூவக் கழத்துங்க. ரத்தம் கசியுது."

குதிகாலில் ஒரு சிப்பித் துண்டு ஆழமாக இறங்கியிருந்தது.

"வலிக்கவே இல்லையே" என்றேன், சற்றுப் பெருமையாக.

"வலிச்சிருந்தா நான் எதுக்குச் சொல்லப்போறேன்? எனக்கும் சுகர்தான். வலிக்கல, ரெண்டு விரல் போச்சு. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

போனேன். புண் ஆற ஒரு மாதம் ஆயிற்று; கால் பிழைத்தது. அதன்பின் அவரை நான் காணவில்லை.

பரிசோதனைச் சீட்டு ஒன்று விடாமல் கோப்பில் அடுக்கி வைத்திருக்கிறேன். என் கால் எந்த நாளில் மரத்துப்போனது என்று அதில் எங்கும் இல்லை. ரத்தம் கசிந்தும் நொண்டாத நடையைப் பார்த்து, அது மரத்திருப்பதை அவர் மட்டும் கண்டுகொண்டார்.