கத்தியை எடுக்க வைக்காத காமெடி

இன்று காலை புதுப்பட்டினம் சலூனில் சவரத்துக்கு உட்கார்ந்தேன். டிவியில் பழைய காமெடி. ஏணிக்குக் கீழே ஒருவர் நிற்கிறார், மேலே பெயிண்ட் வாளி.

வாளி சாயும் முன்பே கடைக்கார அண்ணன் என் கழுத்திலிருந்து கத்தியை எடுத்துவிட்டார்.

"என்னண்ணா?"

"இந்த எடத்துல சேர்ல குந்தினு கீறவங்க சிரிச்சி ஆடிருவாங்க சார். கத்தி பட்டுரும்."

வாளி விழுந்தது. காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் யூடியூபில் காமெடித் தொடர் எழுதுகிறவன். வாளிக்கெல்லாம் சிரிக்கக் கூடாது.

"இப்பல்லாம் காமெடி வேற மாதிரிண்ணா" என்றேன். எழுதியது நான்தான் என்று சொல்லாமல், என் தொடரைப் போனில் போட்டுக் கண்ணாடிமுன் வைத்தேன். ஐடி ஆபீஸ், அபார்ட்மென்ட், நீண்ட மௌனங்கள்.

ஒரு எபிசோட் முழுக்க ஓடியது. அவர் என் கழுத்திலிருந்து கத்தியை ஒருமுறைகூட எடுக்கவில்லை. சவரம் அவ்வளவு சுத்தம்.

"சூப்பரா கீது சார். லிங்க் அனுப்புங்க. இனிமே ஷேவிங்னா இதத்தான் போடணும்."

என் தொடருக்கு இதுவரை வந்த ஒரே பாராட்டு இது.

லிங்க் கமெண்டில் இருக்கிறது. சவரம் செய்துகொண்டே பாருங்கள். யாருக்காவது கன்னம் கிழிந்தால் தயவுசெய்து எழுதுங்கள். காத்திருக்கிறேன்.