கம்பெனி பஸ்ஸில் ஒரு திராட்சைத் தோட்டம்

சண்டை போடப் போன எங்களுக்கு ஜி.எம். டீ ஊற்றிக் கொடுத்த காட்சிதான், அவரை நினைத்தவுடன் என் கண்முன் வந்து நிற்கிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார்களுக்கு இரும்பு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. நான் அங்கே லேத் மெஷின் ஆபரேட்டர். தொழிற்சங்கச் செயலாளரும் நானே. புதிதாக வந்திருந்த ஜெனரல் மேனேஜரோடு அன்று முதல் பேச்சுவார்த்தை. மேஜையை எந்த இடத்தில் தட்டிப் பேசுவது என்றுகூட வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டுப் போயிருந்தேன். உள்ளே நுழைந்தால், மனுஷன் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியாக வந்து ஊற்றிக்கொண்டிருக்கிறார். பியூன் கதவோரம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். "குடிங்க செயலாளரே. கோபம் அப்படியேதான் இருக்கும், டீதான் ஆறிரும்" என்றார் திருநெல்வேலிப் பேச்சில். கையில் டீயை வைத்துக்கொண்டு எவனால் மேஜையைத் தட்ட முடியும்? என் ஒத்திகை அத்தனையும் வீண். வெளியே வந்ததும் எங்கள் பொருளாளர், "பேஜாரான ஆளுப்பா இவரு, உஷாரா இருக்கணும்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அவர் மேஜையில் தொழிற்சாலைச் சட்டப் புத்தகமும் வேதாகமமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எங்களுக்குச் சட்டம் தெரியும். பக்கம் பக்கமாகத் தெரியும். மற்றதுதான் தெரியாது. நாங்கள் ஒரு கோரிக்கை வைத்தால் அவர் ஒரு கதை வைப்பார். கேன்டீனில் தினமும் உப்புமா போடுகிறார்கள் என்று புகார் சொன்னோம். "வனாந்தரத்துல மோசே கூட்டிட்டுப் போன ஜனங்களும் இப்படித்தான், வானத்துல இருந்து விழுந்த மன்னா அப்பத்தைத் தின்னுட்டு, தினமும் இதேதானான்னு அவருகிட்ட மல்லுக்கு நின்னாங்க. பாவம் மோசே" என்று தலையை ஆட்டினார். மோசேக்காகப் பரிதாபப்படுகிறவர் எங்கள் வயிற்றுக்காகப் பரிதாபப்படக் கூடாதா? அடுத்த வாரமே இட்லி வந்துவிட்டது, அது வேறு விஷயம். ஆனாலும் பேச்சில் மடங்கியது நாங்கள்தானே! அது எனக்குப் பொறுக்கவில்லை. அவர் யாரையும் மதம் மாற்றப் பார்த்ததில்லை, மதம் பார்த்துச் சலுகை கொடுத்ததும் இல்லை. பிடிவாதக்காரர். கூடாது என்று முடிவு செய்துவிட்டால் ஆண்டவரே வந்து சிபாரிசு செய்தாலும் கையெழுத்துப் போட மாட்டார்.

எங்கள் துணைச் செயலாளர் கிறிஸ்தவர். ஞாயிறு தவறாமல் கவரைப்பேட்டையில் கோயிலுக்குப் போகிறவர். அவரைப் பிடித்து உலுக்கினேன். "உன் வேதத்த வெச்சித்தான் நம்மள மடக்குறாரு, நீ இன்னாய்யா பண்ணிக்கினு இருக்க?" என்றேன். "நான் பாட்டு பாடத்தான்பா போறேன். மத்ததெல்லாம் சர்ச்சு ஐயரு பாத்துப்பாரு" என்றார். சரி, நாமே இறங்கிவிடுவோம் என்று அவருடைய வேதாகமத்தை வாங்கி வந்து படிக்க ஆரம்பித்தேன். ஆடி மாதம் எங்கள் தெரு அம்மனுக்கு முன்னால் நின்று கூழ் ஊற்றுகிறவன் நான். என் மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இன்னாயா, இந்த வருசம் கூழு ஊத்த ஆளு இருக்குமா, நான் வேற ஆளு பாக்கணுமா?" என்று கேட்டாள். எதிரியின் ஆயுதத்தைத் தெரிந்துகொள்கிறேன் என்றேன். "நல்லா தெரிஞ்சிக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அப்படிப் படித்துக்கொண்டு போகையில்தான் திராட்சைத் தோட்டக்காரன் கதை வந்தது. தோட்டத்துச் சொந்தக்காரன் காலையில் போய்க் கூலிக்கு ஆள் பிடிக்கிறான். மத்தியானமும் பிடிக்கிறான். பொழுது சாயும் நேரத்தில் போனால் இன்னும் சிலர் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்றால், எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் கூட்டிப் போய், எல்லோருக்கும் ஒரே கூலி கொடுக்கிறான். காலையில் வந்தவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். அந்த 'யாரும் கூப்பிடவில்லை' என்ற இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். நடவுக் காலத்தில் என் அம்மா அப்படி ரோட்டோரம் நின்றிருக்கிறாள். திடமான பெண்களாகப் பார்த்துக் கூட்டிப் போய்விடுவார்கள். ஒல்லியான அம்மா தூக்குச்சட்டியோடு திரும்பி வருவாள். சோம்பேறி என்று பேர் வேறு. அவள் நின்ற இடத்தைப் பார்த்து யாரோ என்றைக்கோ ஒரு கதை சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி பஸ் விவகாரம் வந்து சேர்ந்தது. பஸ் செங்குன்றத்தில் கிளம்பி, சோழவரம், கவரைப்பேட்டை வழியாகத் தொழிற்சாலைக்கு வரும். எந்தப் புத்தகத்திலும் எழுதாத வழக்கம் ஒன்று அதில் இருந்தது. நிரந்தரத் தொழிலாளி ஏறினால், உட்கார்ந்திருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி எழுந்துவிட வேண்டும். சோழவரத்தில் காலி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர்கள், கவரைப்பேட்டையில் எங்கள் தலை தெரிந்ததும் ஒருவர் பின் ஒருவராக எழுவார்கள். சோதனைப் பிரிவில் வேலை செய்யும் ஒப்பந்தப் பெண் ஒருத்தி ஒருநாள் என்னை மடக்கினாள். "அண்ணா, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நின்னுக்கினே வரோம், நின்னுக்கினே வேலை செய்றோம், நின்னுக்கினே ஊட்டுக்குப் போறோம். இது காலா, இல்ல கரண்டு கம்பமா?" என்றாள்.

அவர்கள் எங்கள் சங்கத்தில் உறுப்பினர்கள் அல்ல. எங்கள் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டும் கிடையாது. இருந்தாலும் கோரிக்கைப் பட்டியலின் கடைசியில் அதைச் சேர்த்தேன். பேரம் பேசுகிறவர்களுக்குத் தெரியும், பத்துக் கேட்டால்தான் ஐந்து கிடைக்கும். விட்டுக்கொடுப்பதற்கென்றே சிலதைச் சேர்ப்போம். என் கமிட்டியின் கணக்கில் அது அந்த ரகம். ஆனால் பேச்சுவார்த்தையில் அது வந்தபோது எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. "சார், ஒரு தோட்டக்காரன் கதை இருக்குதே, உங்க புத்தகத்துல" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் முழுக் கதையையும் சொன்னேன். துணைச் செயலாளர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். ஜி.எம். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அறையே அதிர்ந்தது. "என்னைய என் புத்தகத்தாலயே அடிச்சிட்டீரே! சரி, ஒத்துக்கிட்டேன். முதல்ல ஏறுதவங்க உக்காரட்டும், யாரு என்னன்னு பார்க்கக் கூடாது. என் கார் ஷெட்டுல நிக்கட்டும், செங்குன்றத்துல இருந்து நானும் அதே பஸ்லதான் வருவேன்" என்றார். மற்ற கோரிக்கைகளில் பாதியை வெட்டிவிட்டார். விட்டுக்கொடுக்க வைத்திருந்தது ஜெயித்துவிட்டது!

செய்தி கசிந்ததும் என் தலை உருள ஆரம்பித்தது. சங்கத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. செயலாளர் பதவி எனக்கு உயிர். கூலிக்காரி மகனை ஊரே 'செகரெட்ரி' என்று கூப்பிடுவதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. மூத்த ஃபிட்டர் ஒருவர் என் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார்: "நீ யாருக்கு செகரெட்ரி? நேத்து வந்தவன் ஜன்னலாண்ட குந்திக்கினு வருவான், இத்தினி வருசம் உழைச்ச நான் கம்பியப் புடிச்சிக்கினு தொங்கணுமா?" பொருளாளர் எனக்கு எதிராக நிற்கப்போவதாகப் பேச்சு வந்தது. கமிட்டி ஒரு வழி சொன்னது. நிர்வாகம் திணித்தது என்று சொல்லிவிடு, எதிர்த்து ஒரு கோஷம் போடு, எல்லாம் சரியாகிவிடும்.

ஜி.எம்.மிடம் போய் நிலைமையைச் சொன்னேன். "ஒண்ணு செய்வோம். நிர்வாகத்தோட உத்தரவுன்னு என் கையெழுத்துல போர்டுல ஒட்டிருதேன். ஏசுதவங்க என்னை ஏசட்டும். நீங்க எதிர்த்துப் பேசினாலும் நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்" என்றார். உங்களுக்கு எதற்கு சார் இந்த வம்பு என்றேன். "மந்தைக்கு முன்னால போறவன்தான செயலாளரே முதல் கடியை வாங்கணும்? அதுக்குத்தான எனக்குப் பெரிய நாற்காலி போட்டிருக்காங்க" என்றார், ஏதோ குடையை இரவல் கொடுப்பவர்போல. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். என் ஆட்களிடம் நான் வாங்க வேண்டிய திட்டை இவர் வாங்குவதா? அப்புறம் இவருக்கு எதிரே நான் எப்படி நிமிர்ந்து உட்காருவேன்? "வேணாம் சார். கேட்டது நாங்க. திட்டும் எங்களுக்கே வரட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அவர் தடுக்கவில்லை. வாசல்வரை வந்து கைகொடுத்தார்.

கேட் மீட்டிங்கில் நான் பேசியதை இப்போதும் நண்பர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். திராட்சைத் தோட்டத்தை நம் ஊர் நெல் வயலாக்கி, கதையை அப்படியே சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒருவன் "செகரெட்ரிக்கு ஒரு அல்லேலூயா!" என்று கத்தினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். மூத்த ஃபிட்டர் விடவில்லை: "காலைலேர்ந்து வெயில்ல காஞ்சவனும் சாயந்திரம் வந்தவனும் ஒண்ணா?" "அண்ணே, இதே கேள்விய அந்தக் கதைலயும் ஒருத்தன் கேக்குறான். உங்கள மாதிரியே கோவக்காரன்" என்றேன். "கேட்டது நான்தான், நிர்வாகம் இல்ல. புடிக்கலன்னா ஓட்டுல காட்டுங்க" என்று முடித்தேன். காட்டினார்கள். பொருளாளர் செயலாளர் ஆனார். நான் படுதோல்வி.

இப்போது தேர்வாய் கண்டிகையில் உள்ள எங்கள் புது ஆலைக்குத் தலைமைப் பண்பு வகுப்பு எடுக்க ஆட்கள் வருகிறார்கள். திரையில் முக்கோணத்தைத் தலைகீழாகப் போட்டு, தலைவன் அடியில் இருக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அடியில் இருப்பவன்மேல்தான் மிதி விழும் என்பதை அந்தப் படம் காட்டுவதில்லை. எனக்கு அதைக் காட்டியவர் ஓய்வு பெற்று ஊரோடு போய்விட்டார். கிறிஸ்துமஸுக்கு நான் போன் செய்வேன், பொங்கலுக்கு அவர் செய்வார். ஒவ்வொரு முறையும் இருவருக்கும் பேச்சு அந்த ஒரு காலை நேரத்துக்குத்தான் போய்ச் சேரும்.

தேர்தலுக்கு மறுநாள். கவரைப்பேட்டை நிறுத்தத்தில் யாரும் என்னைச் செகரெட்ரி என்று கூப்பிடவில்லை. பொய் சொல்லவில்லை, அழுகை வரும்போல்தான் இருந்தது. பஸ் வந்தது. எல்லா சீட்டும் நிறைந்திருந்தது. ஜி.எம். யாருக்கோ தன் இடத்தைக் கொடுத்துவிட்டு நடுவில் நின்றுகொண்டு வந்தார். நான் படியேறி உள்ளே போனதும், சோதனைப் பிரிவுப் பெண் சட்டென்று எழுந்தாள். அவள் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். பின்னால் இருந்த ஒப்பந்தப் பையன்கள், அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று ஓட்டே இல்லாத அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். "அண்ணா, இங்க குந்துங்கண்ணா" என்று நாலா பக்கமும் குரல். பஸ் முழுக்க ஆட்கள் நிற்கிறார்கள், சீட்டெல்லாம் காலி. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது.

"அட, உக்காருங்க எல்லாரும்!" என்று கத்தினேன். "நீங்க திரும்பவும் எழுந்து நின்னா, நான் இன்னாத்துக்குத் தோத்தேன்?"

பஸ்ஸே சிரித்தது, மூத்த ஃபிட்டர் உட்பட. ஜி.எம். சற்றே தள்ளி நின்று, கம்பியில் என் கைக்கும் இடம் விட்டார்.