வெட்டி எடுத்த ஃபுட்ரெஸ்டுக்கு நேர் கீழே

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். முப்பது வருஷம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். அதனால் இதை நீங்கள் நம்பவில்லை என்றால் வருத்தப்பட மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன். ஆனால் இதில் நான் சொன்ன ஒரு பொய் இருக்கிறது. அதையாவது நம்புங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்களுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. பழைய காட்டுப்பாதை மோட்டார் சைக்கிள்களை வாங்கி டிரையல்ஸ் வண்டிகளாக மாற்றுவது. டிரையல்ஸில் வேகத்துக்கு மதிப்பில்லை. பாறையிலும் சேற்றிலும் எழுந்து நின்றபடி, ஆமை மாதிரி, கால் தரையில் படாமல் ஓட்ட வேண்டும். ஒரு தரம் கால் ஊன்றினால் ஒரு புள்ளி போச்சு. அதை எண்ணிக் குறிக்க அப்சர்வர் என்று ஒருவர் பக்கத்தில் நிற்பார். கண்ணால் பார்த்ததை மட்டும்தான் அவர் எழுதலாம். எங்கள் கூட்டத்தில் அந்த அப்சர்வர் நான், சுமாராக ஓட்டவும் செய்வேன்.

வண்டிகளை மாற்றியவன் செல்வராஜ். மார்த்தாண்டத்துக்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன், கரமனைப் பாலத்தருகே வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். வித்துராவுக்கு மேலே ஒரு எஸ்டேட் ஷெட்டில் கிடந்த வெளிநாட்டு வண்டி ஒன்றை நாங்கள் இருவரும் போய் எடுத்து வந்தோம். எஸ்டேட் கிளார்க் சாவியைக் கொடுக்கும்போது சிரிக்காமல் சொன்னார்: "பேடிக்கண்டா சாரே, இது வீழில்லா." பயப்படாதீர்கள், இது விழாது என்று. பழைய வண்டியைத் தலையில் கட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதானே என்று விட்டுவிட்டேன்.

செல்வராஜ் கனத்த சீட்டைக் கழற்றி எறிந்தான், பின்சக்கரத்துக்குச் செயின் ஓடும் ஸ்பிராக்கெட்டைப் பெரியதாகப் போட்டான், புகைக்குழாயை மேலே தூக்கினான். முக்கியமாக, இரண்டு ஃபுட்ரெஸ்டையும் வெட்டியெடுத்து ஒரு சாண் பின்னால் தள்ளி வெல்டு வைத்தான், நின்று ஓட்டும்போது உடம்பின் பாரம் பின்சக்கரத்தில் விழ வேண்டும் என்பதற்காக. வெட்டிய இடத்தை அரம் போட்டுத் தேய்த்தும் தழும்பு மட்டும் போகவில்லை.

கரமனையாற்று மணலில் ஓட்டிப் பார்த்தோம். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தொடங்கியது. அவன் செருப்பில்லாமல்தான் ஓட்டுவான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு டயர் தடத்தின் இடது பக்கத்தில் ஒரு வெறுங்கால் சுவடு இருந்தது. கேட்டால், "நான் காலு ஊணல்ல சாமி" என்பான். யாரும் பார்க்காத பழகும் நேரத்தில் எதற்குப் பொய் என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் அவன் பொய்யன் என்றே முடிவு கட்டிவிட்டேன், ஆனால் அவனோடு டீ குடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

வித்துரா வழியில் கைவிட்ட ஒரு கல்குவாரியில் போட்டி நடந்தது. ஒரு டாக்டர் தன்னிடமிருந்த ஆறு பழைய வண்டிகளையும் ஜெயிப்பவனிடமே மாற்றக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். இரண்டு வருஷத்து வேலை. "அது கெடச்சா வீட்டுக்காரியையும் மவளையும் இங்ஙன கொண்டாந்துருவேன் சாமி" என்று காலையில்கூடச் சொன்னான்.

கடைசிப் பாதை வரை அவனும் ஒரு கொல்லத்துக்காரனும் புள்ளி எதுவும் இழக்கவில்லை. கொல்லத்துக்காரன் சுத்தமாக முடித்துவிட்டு ஓரமாக நின்றான். செல்வராஜ் ஏறினான். பாறைப் படியில் முன்சக்கரம் முட்டி வண்டி இடது பக்கம் சாய்ந்தது, விழுந்தே விட்டான் என்று வலது பக்கம் நின்ற எல்லோரும் கத்தினார்கள், அந்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்து நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தால் வண்டி படிக்கு மேலே நிற்கிறது. கீழே சேற்றில், இடது பக்கம், ஒரு வெறுங்கால் சுவடு.

"எத்தர சாமி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

"ஒண்ணு."

"என்ன ஒண்ணு? நான் காலு ஊணல்லியே!"

"தடம் கெடக்கு பாரும் ஓய்."

"அது ஆருக்க காலோ. எனக்க காலு இல்ல."

கொல்லத்துக்காரன், "பாறய்க்கு காலு முளச்சதாயிரிக்கும் அண்ணாச்சீ" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். செல்வராஜ் சிரிக்கவில்லை. என் முகத்தருகே வந்து மெதுவாகக் கேட்டான்: "நீங்க கண்ணால கண்டியளா? அத மட்டும் சொல்லுங்க. நீங்க கண்டேன்னு சொன்னா நான் ஒத்துக்கிடுதேன்."

"கண்டேன்" என்றேன்.

அந்த ஒரு சொல்தான் நான் சொன்ன பொய். கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வெட்கம். அதைவிட, அவன் பொய்யன் என்பதில் எனக்கிருந்த நிச்சயம்.

ஆறு வண்டிகளும் கொல்லத்துக்குப் போயின. இரண்டு வாரம் கழித்துச் செல்வராஜ் பட்டறையை மூடிவிட்டு அந்த வண்டியை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். "நீங்களே வச்சுக்கிடுங்க சாமி. இனி எனக்கு இது வேண்டாம்." உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை, ஊருக்கு பஸ் ஏறிப் போய்விட்டான்.

அவன் பொய்யன்தான் என்று எனக்கே நிரூபித்துக்கொள்ள, சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தனியாக அதே குவாரிக்குப் போனேன். காலில் தோல் ஷூ. அதே படியில் வண்டி இடது பக்கம் சாய்ந்தது. விழப்போகிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. சுவரில் தோளை முட்டுக்கொடுத்தது போல வண்டி நின்றது, பிறகு நிமிர்ந்தது. என் இரண்டு ஷூவும் ஃபுட்ரெஸ்டில்தான் இருந்தன, சத்தியமாகச் சொல்கிறேன். இறங்கிப் பார்த்தேன். சேற்றில் ஒரு வெறுங்கால் சுவடு.

படிப்பின் பழக்கம் விடுமா? பதிந்திருந்த இரண்டு சக்கரத் தடங்களிலும் வண்டியை உருட்டிவந்து மறுபடி பொருத்தி நிறுத்திப் பார்த்தேன். சுவடு என் ஃபுட்ரெஸ்டுக்குக் கீழே இல்லை. ஒரு சாண் முன்னால், பழைய ஃபுட்ரெஸ்டை வெட்டியெடுத்த அந்தத் தழும்புக்கு நேர் கீழே இருந்தது.

அதை ஷூவால் தேய்த்து அழித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மார்த்தாண்டம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். போய்ச் சொல்ல எனக்கு ஆறு வருஷம் போதவில்லை. என்னவென்று சொல்வது என்று ஒவ்வொரு ஞாயிறும் தள்ளிப் போட்டேன். பிறகு ஒரு நாள் அவன் மகள் போன் செய்தாள்: "அப்பா போயிட்டாங்க. சாமிட்ட சொல்லணும்னு தோணிச்சு." போனேன். பெட்டிக்குள் கிடந்தவனின் காலடியில் நின்றேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

மறுவாரம் வண்டியை எடுத்துக்கொண்டு குவாரிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு இடம் தெரியவில்லை. எல்லாம் முன்பு போலவே நடந்தது. வண்டி இடது பக்கம் சாய்ந்தது, நின்றது, நிமிர்ந்தது. இடது பக்கச் சுவடு தழும்புக்கு நேர் கீழே, அதே இடத்தில். அது பழகிவிட்ட விஷயம் மாதிரி, நான் பயப்படக்கூட இல்லை.

வண்டியைச் சுற்றி மறுபக்கம் போனபோதுதான் பார்த்தேன். வலது பக்கத்திலும் ஒரு வெறுங்கால் சுவடு. இது செல்வராஜ் பின்னால் தள்ளி வெல்டு வைத்தானே, அந்தப் புது ஃபுட்ரெஸ்டுக்கு நேர் கீழே.

அதை நான் அழிக்கவில்லை. "நீங்க கண்டேன்னு சொன்னா நான் ஒத்துக்கிடுதேன்" என்று அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் ஒன்று இன்று வரை பிடிபடவில்லை. வண்டி அன்று வலது பக்கம் சாயவே இல்லை. அப்புறம் அந்தக் கால் எதற்காக ஊன்றியது?